வாசனை தெரியாத ரெண்டு பேர்

– பதினாறு வாசனையும் தப்புங்க ஐயா.

– அதான் முதல்லயே சொன்னேனேம்மா, மூக்கு போயிடுச்சுன்னு. வயசாச்சுல்ல. எழுதிக்கோ.

– வெங்காயத்தை நீட்டினா ரோஜாங்கிறீங்க. மண்ணெண்ணெயைக் காபிங்கிறீங்க.

– பேனாக்குள்ள வாசனையை அடைச்சுக் கொண்டாந்தா? வெளிநாட்டு மூக்குக்குச் செஞ்சது நமக்கு எப்படிப் பிடிபடும்?

– எட்டு நாட்டுல இந்தச் சோதனை நடக்குதுங்க, சின்னப் பசங்கள்லேர்ந்து உங்க வயசு வரைக்கும். அங்கங்க பழகின வாசனையா மாத்தித்தான் வச்சிருக்கோம். வெங்காயம் தெரியாத ஆளு உண்டா?

– அப்போ மூக்கு அவுட்டு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், டீசல் புகை தின்னுடுச்சு. நான் கிளம்பட்டா?

– உக்காருங்க. ஒவ்வொரு பேனாவுக்கும் நாலு வாசனையோட பேரைச் சொல்லி ஒண்ணு எடுக்கச் சொன்னேன்ல? மூக்கே இல்லாதவங்க குருட்டாம்போக்குல சொன்னாக்கூட மூணு நாலு சரியா விழும். ஒண்ணுகூட விழலைன்னா, சரியான பதில் எதுன்னு தெரிஞ்சு ஒதுக்கியிருக்கீங்க.

– அப்படின்னா?

– நல்ல மூக்குங்க ஐயா உங்களுக்கு.

– மெதுவாப் பேசும்மா. என் வீட்டுக்காரி வெளியில உக்காந்திருக்கா.

– அம்மாவுக்குத் தெரியக்கூடாதா?

– நான் ரிட்டையர் ஆன கையோட அவளுக்கு முட்டிவலி. இனிமே சமையல் என் பொறுப்புன்னு வீராப்பா இறங்கிட்டேன். ஒரு நாள் அடுப்பை மறந்துட்டு பேப்பர் படிச்சிட்டிருந்தேன். வீடு பூரா கருகின நாத்தம். அவ என்னடான்னா, நல்லாயிருக்குன்னு சாப்பிடுறா! கேட்டா, இப்பல்லாம் வாசனையே தெரியலைங்கிறா.

– அதுக்கு நீங்க ஏன் நடிக்கணும்?

– எனக்கும் தெரியலடின்னு வாயில வந்துடுச்சும்மா. அவளுக்கு மட்டும் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக் கலங்கக்கூடாதுல்ல. அன்னையிலிருந்து ரெண்டு பேரும் ஒரே கட்சி. என்னத்தைக் கிண்டி வச்சாலும் பிரமாதம்னு சாப்பிடுறோம். மகன் பாத்துட்டு, இந்தச் சோதனைக்குப் போங்கன்னு தள்ளிவிட்டுட்டான். இப்போ எனக்கு நல்லாத் தெரியுதுன்னு நீ சொன்னா, இத்தனை நாள் ஏமாத்தினேன்னு உடைஞ்சு போயிடுவா.

– பொய்யா எழுத முடியாதுங்க ஐயா. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சுத்தான் சொல்லப் போறேன்.

– சரி, என்னை விடு. எனக்கு முன்னாடி அவளுக்குப் பாத்தியே, ரொம்ப மோசமா? எதுவா இருந்தாலும் மறைக்காமச் சொல்லும்மா.

– அம்மாவும் ஒண்ணுகூடச் சரியாச் சொல்லலீங்க ஐயா.