போரனின் தொடையில் இருந்த குறி

அன்று மதியம் என் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். நான், குவானிஷ். அல்மாட்டி நகரத்திலிருந்து வந்திருந்த என் தம்பி மகன் ஜான்டோஸ். அவன் மனைவி உல்ஜான். பிறகு பெய்சென் அண்ணன். மேலத்தெருக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பக்கத்து வீட்டுக்காரர் தானும் இருந்ததாக விசாரணையில் உங்களிடம் சொல்லியிருக்கிறாராம். அவர் உப்பு வாங்க வந்தவர், வாசலோடு போய்விட்டார். அவரைக் கூப்பிட்டு அலைக்கழிக்க வேண்டாம்.

சாப்பாடு நன்றாக இருந்தது. ஆட்டுத்தலையைப் பெய்சென் அண்ணன் முன்னால் வைத்தேன். மூத்தவருக்குத்தான் தலை. அவர் ஒரு காதை அறுத்து ஜான்டோஸிடம் கொடுத்து, "இந்தா, இனிமேலாவது பெரியவங்க சொல்றதக் கேளு" என்றார். "பெரியவங்க சொல்றதக் கேட்டிருந்தா இவரு கம்ப்யூட்டரத் தொட்டே இருக்க மாட்டாரு" என்றாள் உல்ஜான். எங்கள் மருமகள்கள் கணவர் வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது. பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பெய்சென் அண்ணன் அவளுக்குச் 'சிரிப்பு மாமா'. நான் 'நிமிர்ந்த மாமா'. முதுகை வைத்துச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

எங்கள் குடும்பத்துக்கு இந்த மாவட்டத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு நான்கு கால்கள். போரன் என்ற எங்கள் சாம்பல் குதிரை, கூட்டுப்பண்ணைக் காலத்தில் ஒரு பெரிய பந்தயத்தில் மற்ற குதிரைகள் எல்லாம் புழுதிக்குள் இருக்கும்போதே தனியாக வந்து நின்றது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பெண் கேட்டு வந்தவர்கள் வாசலில் தயங்கித்தான் நின்றார்கள். இந்த வசந்தத்தில் பந்தயத் திடலுக்கே போரனின் பெயர் வைப்பதாக இருக்கிறார்கள். அதைத் தள்ளிப்போட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஜான்டோஸ் மாணவனாக இருந்தபோது அந்தப் பந்தயத்தை ஒரு கணினி விளையாட்டாகச் செய்தான். அந்தக் காலத்துக் கணினி மையங்களில் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆடினார்கள். நானும் பார்த்தேன். போரன் கால் முளைத்த சோப்புக்கட்டி போல இருந்தது. தூரத்து மலைகளை வரைய அந்தக் கணினிகளுக்குத் தெம்பு இல்லையாம். அதனால் பத்தடிக்கு அப்பால் எல்லாவற்றையும் மூடுபனியால் மறைத்திருந்தான். எனக்கு அந்தப் பனி பிடித்திருந்தது.

இப்போது அந்தப் பிள்ளைகளுக்கு வழுக்கை விழுந்துவிட்டது. மறுபடியும் அதை ஆட வேண்டும் என்கிறார்கள். ஒரு நிறுவனம் அதைப் புதிதாக வெளியிடச் சம்மதித்திருக்கிறது. அட்டையில் போரனின் படமும் எங்கள் குடும்பப் பெயரும். ஆனால் பழைய விளையாட்டைப் புதுக் கணினியில் போட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது என்று ஜான்டோஸ் சொன்னான். "மொதல்ல போட்டப்ப, பெரியப்பா, நான் டீக்கோப்பைய எடுக்கறதுக்குள்ள பந்தயமே முடிஞ்சுபோச்சு. அவ்ளோ வேகம். வேகத்தக் கட்டுப்படுத்தினா, அகலத் திரையில இழுபட்டு எல்லாக் குதிரையும் சினை மாடு மாதிரி ஆயிடுச்சு."

"அப்படியே விட்டிருந்தா பால் கறந்திருக்கலாம்" என்றார் பெய்சென் அண்ணன்.

ஆறு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரி செய்திருந்தான். இழுவையை நீக்கினான். பனியை மலைக்கு அப்பால் தள்ளினான். மங்கலான பழைய படங்களைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் ஒரு மென்பொருளில் கொடுத்து, குதிரைத் தோலுக்கு முடி வரவைத்தான். அதைத்தான் முதலில் எனக்குக் காட்ட வேண்டும் என்று வந்திருந்தான். மரியாதை தெரிந்த பிள்ளை.

தொலைக்காட்சித் திரையில் போரன் வந்து நின்றது. உண்மையைச் சொல்கிறேன், உயிரோடு வந்தது போலவே இருந்தது. பிடரிமயிர் காற்றில் அசைந்தது. நாசி ஈரமாக இருந்தது.

"இந்தக் குதிரைக்காரனுக்கு ஆறு விரல் இருக்குங்க" என்றாள் உல்ஜான்.

"தெரியும், தெரியும். அதெல்லாம் இனிமேதான் சரி பண்ணணும்."

"தொடையில என்ன? யாரோ மூக்குக்கண்ணாடிய மறந்து வெச்சிட்டுப் போன மாதிரி இருக்கு."

குதிரையின் பின்தொடையில் ஒரு சூட்டுக்குறி இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வளையங்கள். அவற்றின் குறுக்கே ஒரு கோடு, சற்றுக் கோணலாக.

எங்கள் ஊரில் யார் குதிரை யாருடையது என்று அந்தக் குறியைப் பார்த்துத்தான் சொல்வோம். வம்சத்துக்கு ஒரு குறி. எங்களுடையது குறுக்குக் கோடு. இரண்டு வளையம் பெய்சென் அண்ணன் வம்சத்துடையது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு மாமா சிரிக்கவில்லை. பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "டேய் குவான், இந்தக் குதிரைய எனக்குத் தெரியும்டா. இப்ப வேணாம், பையன் இருக்கான். நாளைக்குக் காலைல வர்றேன். உனக்கு மட்டும் ஒண்ணு காட்டணும்."

"வாங்கண்ணே" என்றேன். அவருக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றச் சொன்னேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போரன் பிறந்தது எங்கள் லாயத்தில் அல்ல. பெய்சென் அண்ணனின் அப்பா பக்கத்துப் பண்ணையில் குதிரை மேய்ப்பவர். அவர் பொறுப்பில் ஒரு சாம்பல் குட்டி இருந்தது. தன் வம்சக் குறியை அதற்குப் போட்டிருந்தார். ஒரு குதிரை என்னவாகும் என்பதைக் குட்டியிலேயே சொல்லும் கண் எனக்கு உண்டு. அவரிடம் அது இருந்திருந்தால் வண்டி இழுத்திருக்கும். நான் அதைக் கொண்டுவந்து, இரண்டு வளையங்களின் குறுக்கே எங்கள் கோட்டைச் சூடு போட்டேன். குட்டி துள்ளியதில் கோடு கொஞ்சம் கோணலாகிவிட்டது. முடி வளர்ந்த பிறகு பார்த்தால் பழைய காயம் போலத்தான் இருக்கும். பண்ணைக் குட்டியை விற்றுத் தின்றுவிட்டதாக அவருடைய அப்பாவைச் சிறைக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வரவில்லை. பெய்சென் அண்ணன் அப்போது ராணுவத்தில் இருந்தார். திரும்பி வந்ததும் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். பெருநாள் தவறாமல் இறைச்சி அனுப்பியிருக்கிறேன். இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை.

மறுநாள் காலை அவர் குதிரையில் வந்தார். சேணப்பை புடைத்திருந்தது. இறங்கும் முன்பே பையைத் தட்டிக்காட்டி, "எடுத்துட்டு வந்துட்டேன். வீடு பூராத் தேடி, கடைசியில பழைய பெட்டிக்கு அடியில கெடந்துச்சு" என்றார்.

என்ன சாட்சியம் அது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும். உள்ளே ஜான்டோஸ் விழித்துவிட்டான், உல்ஜான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆத்துக்கு அக்கரைக்குப் போய்ப் பேசலாம்ணே. என் குதிரைங்களப் பாத்த மாதிரியும் இருக்கும்" என்றேன்.

"இந்தக் குளிர்லயா? சரி, வா. பையன் மனசு நோகக் கூடாதுன்னுதான் நானும் பாக்கறேன்."

நல்ல வெயில். பனி மேல் பட்ட வெளிச்சத்தில் கண் கூசியது. வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். மகளின் மாமியாரைப் பற்றி ஒரு கதை சொன்னார், நான் வாய்விட்டுச் சிரித்தேன். உறைந்த ஆற்றை வழக்கமாக மேல்வளைவில் கடப்போம். நான் கீழ்வளைவுக்குத் திருப்பினேன். அங்கே, ஊர் வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன் நிலையத்தின் வெந்நீர் வந்து சேர்கிறது, பனிக்கட்டி மெலிந்திருக்கும். மேலே பனி மூடியிருந்ததால் பனிக்கட்டி எங்கும் ஒன்று போலத்தான் தெரிந்தது. மேலத்தெருவில் இருப்பவருக்கு அந்த இடம் பழக்கமில்லை. எனக்குப் பழக்கம்.

கரையில் அவர் கடிவாளத்தை இழுத்து நின்றார். "நீ போடா, உனக்குத்தான் வழி தெரியும்."

"நீங்க மூத்தவர்ணே. நான் எப்படி முன்னாடி போறது?"

அவருக்கு அது பிடித்திருந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு போனார்.

பனிக்கட்டி உடைந்த சத்தம் பெரிதாக இல்லை. குதிரை நல்ல குதிரை, முட்டிமோதிக் கரையேறி என்னிடமே வந்தது. நனைந்த குதிரையைக் குளிரில் அப்படியே விட்டால் செத்துப்போகும். அதனால் என் மேலங்கியைக் கழற்றி அதன் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். குதிரையை விட முடியாத நிலை. பிறகு கூப்பிடவில்லை.

ஆள் சேர்த்துக்கொண்டு போவதற்கு முன் சேணப்பையைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறையில் சுற்றி, நனையாமல் ஒரு பழைய நாள்காட்டி. எங்கோ இருக்கும் ஒரு தொத்திறைச்சித் தொழிற்சாலை புத்தாண்டுக்குக் கொடுத்தது. அதில் ஒரு சாம்பல் குதிரையின் புகைப்படம். திரையில் பார்த்த அதே கழுத்துத் திருப்பம், அதே நிற்கும் விதம். தொடை சுத்தமாக இருந்தது. குறி எதுவும் இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு அதை ஜான்டோஸிடம் காட்டினேன். அவன் முகம் சிவந்துவிட்டது.

"பெரியப்பா, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தன வருஷம் மறைச்சுட்டேன். போரனோட போட்டோ ஒண்ணுகூட என்கிட்ட இல்ல. விடுதிச் சுவர்ல இந்தக் காலண்டர்தான் தொங்கிச்சு. அதத்தான் சுருக்கிப் போட்டேன். ஊர்ல யாராவது கண்டுபிடிச்சா உங்களுக்கு எவ்ளோ அவமானம்! எங்கேர்ந்து கெடச்சுது இது?"

"அப்ப அந்தச் சூட்டுக்குறி?"

"எந்தக் குறி? ஓ, அந்த மூக்குக்கண்ணாடியா? அது சாஃப்ட்வேர் தானா வரைஞ்சது. பழைய படத்துல அந்த எடத்துல நாலஞ்சு புள்ளிதான் இருக்கும். என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாட்டி, எங்கெங்கேயோ பாத்தத வெச்சு ஊகிச்சு எதையாவது போட்டுடும். குதிரைக்காரனுக்கு ஆறாவது விரல் வந்துச்சே, அது மாதிரி. நான் அழிச்சுட்டேன்."

அழித்துவிட்டான். இப்போது தொடை சுத்தமாக இருக்கிறது, மிக அழகாக இருக்கிறது. நாள்காட்டியை அடுப்பில் போட்டுவிட்டேன். நாள்காட்டிக் குதிரையை வைத்து எங்கள் வீட்டுப் பிள்ளை போரனை வரைந்தான் என்று ஊர் பேச வேண்டாம். பெய்சென் அண்ணனும் அதை மறைக்கத்தான் விரும்பினார். அந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம்தான்.

இதைச் சொல்ல நானாக உங்களிடம் வந்ததற்குக் காரணம் வேறு. கடைத்தெருவில் ஒரு பேச்சு அடிபடுகிறது. அன்று காலை ஆற்றங்கரையில் எங்களுக்குள் வாய்ச்சண்டை வந்ததாம். ஆத்திரத்தில் நான் குதிரையைத் தட்டிவிட்டு அவரை முந்திப் போனேனாம். என் பின்னால் வரும்போதுதான் அவர் விழுந்தாராம். அது பொய். எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குள் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. அவர்தான் முன்னால் போனார். மூத்தவரை முந்திக்கொண்டு போகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.