அர்தசஷ்டாவின் இருபதாம் வருஷம்

— கடிதம் கிடையாது, சுமதி. போய் உன் மக கிட்ட சொல்லு.

— பன்னெண்டாம் தேதி கல்யாணம், அத்தான். மெட்டுகுடா சபைக் கடிதம் இல்லாம நாகர்கோவில் சபையில அஸ்வினிக்குக் கல்யாணம் நடத்தி வைக்க மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்.

— தெரிஞ்சுதான் சொல்லுகேன். நான் இங்க மூப்பன். அவ நம்ம உபதேசத்தில நிக்கான்னு கையெழுத்துப் போடணும். பொய்க் கையெழுத்துக்கு என் கை வராது, கேட்டியா.

— அக்கா உசுரோட இருந்தா இப்படிப் பேசுவீங்களா?

— செத்தவளை இழுக்காதே. உன் மக செஞ்சது என்ன? எருசலேமைக் கட்டச் சொன்ன நாள்லேருந்து மேசியா வாற வரைக்கும் தானியேல் சொன்ன வாரக்கணக்கு, வாரத்துக்கு ஏழு வருஷம். நான் சபைச் சுவத்தில எழுதினது. அதுல அர்தசஷ்டா பேருக்கு மேல வெள்ளைத்தாள ஒட்டி, கோரேஸ்னு எழுதிவச்சிருக்கா. ஞாயிறு வகுப்புல, பதினோரு பிள்ளைய முன்னால.

— பசங்க கேட்டாங்க, கட்டச் சொன்ன ராஜா யாருன்னு. ஏசாயாவில கோரேஸ்னு பேரோட இருக்கு. சொன்னா.

— கோரேஸ் கட்டச் சொன்னது ஆலயம். நகரமும் மதிலும் அர்தசஷ்டாவோட இருபதாம் வருஷம். கோரேஸ்லேருந்து எண்ணினா ஆண்டவர் பொறக்க அம்பது வருஷத்துக்கு முந்தியே கணக்கு தீர்ந்துபோவும். முப்பத்தாறு வருஷம் ரயில்ல கார்டா இருந்தவன் நான். பொறப்பட்ட நேரத்தைத் தப்பா எழுதிட்டு, வந்து சேர்ந்த நேரம் என்னத்துக்கு?

— ஹவ், ஹவ், ஆமா. பச்சைக்கொடியும் உங்க கையிலதானே.

— நக்கல் வேண்டாம். வாற ஞாயிறு சபை முன்னால நின்னு, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லட்டும். அன்னைக்கே எழுதித் தாறேன்.

— மாட்டேன்னுட்டா. அஞ்சு வருஷமா கச்சிபௌலிலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்து பசங்களுக்குச் சொல்லித்தர்றா. பொய் சொல்லி வாங்கற கடிதம் நக்கோ, வேண்டாங்கறா.

— அப்ப கல்யாணமும் நக்கோ.

— சொந்த மச்சினியோட பொண்ணு, அத்தான்.

— சபைக்குள்ள சொந்தம் பார்க்கிறதில்ல.

— உங்க அர்தசஷ்டா தேவலை. ஊருக்குப் போக நெகேமியா கடிதம் கேட்டதும் குடுத்தான். வாரத்தை நீ எங்கேருந்து எண்ணுவேன்னு கேக்கலை.

— வேதத்தை வச்சு எங்கிட்ட விளையாடாதே. நான் ஒருநாளும் இருபதாம் வருஷத்தை விட்டு அசைஞ்சவன் இல்ல. அசைஞ்சவனுக்கு எந்தச் சபையும் கடிதம் குடுக்காது.

— தரியு ராஜா காலத்தில என்ன ஆச்சு? யார் உத்தரவுல ஆலயம் கட்டறீங்கன்னு அதிகாரிங்க கேட்டாங்க. பழைய சுருளைத் தேடச் சொன்னான் ராஜா. கோரேஸோட கட்டளை கிடைச்சுது.

— அதுக்கு?

— நானும் தேடினேன். எங்கப்பா இங்க மூப்பரா இருந்தப்ப வந்த கடிதமெல்லாம் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருந்தார். இது நாகர்கோவில் சபை எழுதினது. எண்பத்தி நாலு.

— எண்பத்தி நாலுல நான்தான் அங்கேருந்து வந்தேன்.

— ஹவ். ஒட்டின கவரைக் கொண்டுவந்து குடுத்தீங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு அப்பா உங்ககிட்ட சொன்னாரா?

— இல்ல. கொண்டா இங்க.

— இருங்க, நானே வாசிக்கறேன். “இதைக் கொண்டுவரும் தம்பி இருதயராஜ் தானியேலின் வாரங்களைக் கோரேஸிலிருந்து எண்ணுகிறான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆனாலும் நம் சகோதரன். சேர்த்துக்கொள்ளுங்கள்.”

— போதும்.

— இன்னும் ஒரு வரி இருக்கு, அத்தான். கீழே அப்பா பென்சில்ல எழுதினது. “சேர்த்துக்கொண்டேன். மூத்தவளை இவனுக்குக் கொடுக்கலாம்.”