ஒற்றைக் கோடு

ஸ்லைடு துடைக்கப் பழைய வேட்டியைப் போல ஒரு துணி கிடையாது. லேபில் மற்றவர்கள் டிஷ்யூ பேப்பர் கேட்பார்கள். நான் அப்பாவின் வேட்டியைச் சதுரமாகக் கிழித்து டிராயரில் வைத்திருக்கிறேன். இன்னும் ஏழெட்டுத் துண்டுகள் மிச்சமிருக்கின்றன.

நெய்வேலி டவுன்ஷிப் ஓரத்தில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். பெயர் மலர்கொடி. எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. யாரும் என்னை விசாரிக்கவில்லை. டாக்டர் உமாராணி இப்போதும் என்னைப் பார்த்தால் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார். அதைத் தாங்க முடியாமல்தான் எழுதுகிறேன். முதலில் அவர் படிக்கட்டும்.

வளையமாதேவியில் எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேறு அள்ளினார். மைன்ஸில் பர்மனென்ட் வேலையில் இருக்கும் குடும்பம் ஒன்று என்னைப் பெண் கேட்டு வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் அவரிடம் சொன்னேன்.

“கேட்டா பம்ப் செக்‌ஷன்னு சொல்லுப்பா. சேறு அள்றேன்னு சொல்லிக்கினு நிக்காத.”

“பொய்யாம்மா சொல்லச் சொல்ற?”

“நான் இவ்ளோ படிச்சது வீணாப் போவணுமா?”

“சரிங்க, ஆபீசரம்மா,” என்று சிரித்தார்.

நிச்சயம் ஆனது. சில மாதம் கழித்து, ரத்தம் கொடுக்க வந்த ஒரு மேஸ்திரி பேச்சுவாக்கில் சொன்னார்: என் அப்பா சிங்காரவேலுக்குக் கான்ட்ராக்ட் முடிந்து நாலு மாசம் ஆகிறதாம். ஆனால் அப்பா தினமும் முதல் ஷிப்ட் நேரத்துக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் சேத்தியாத்தோப்பு பஸ் டிக்கெட் கிடந்தது. சாயங்காலம் ஈரத்தலையோடு, மேலெல்லாம் சந்தன சோப்பு வாசனையோடு வந்தார். எங்கள் வீட்டில் சந்தன சோப்பு வாங்குவதில்லை. நான் அவரை எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே மனசுக்குள் ஒரு பொம்பளையை அங்கே குடிவைத்துவிட்டேன்.

பிறகு தலைவலி வந்தது. மூன்று வாரம் விடவில்லை. “மண்டைக்குள்ள எவனோ ஜேசிபி ஓட்டிக்கினு கீறான்,” என்றார். வாந்தி எடுத்தார், கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். டாக்டர் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்.

“டிபிதான்னு தோணுது. ஆனாலும் இந்தியா இங்க் போட்டுப் பாத்துடும்மா. ஃபங்கஸா இருந்தா வைத்தியமே வேற. ரத்தத்துல எச்.ஐ.வி.யும் பாக்கணும். வேற யாரையாவது செய்யச் சொல்லட்டுமா? உங்கப்பா ஆச்சே.”

“நானே பாக்கறேங்க மேடம்.”

ஒரு சொட்டு நீர், ஒரு சொட்டு கறுப்பு மை, மேலே மெல்லிய கண்ணாடி. வேலை அவ்வளவுதான். கறுப்புக்கு நடுவில் உருண்டையாக ஒரு செல், அதைச் சுற்றி வெள்ளை வளையம். பக்கத்தில் இன்னொன்று. ஒன்று மொட்டு விட்டுக்கொண்டிருந்தது. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. கல்லூரியில் படத்தில் பார்த்ததை விடத் தெளிவாக இருந்தது.

இது பெரும்பாலும் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் என்று எங்கள் பாடத்தில் இருந்தது. அதே பக்கத்தில் புறா எச்சத்தில் வளரும் என்றும் இருந்தது. பரீட்சையில் இரண்டையும் எழுதி மார்க் வாங்கியவள் நான். அன்றைக்கு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. டிக்கெட்டும் சோப்பும் மீதியை முடித்துவைத்தன.

‘பூஞ்சை காணப்படவில்லை’ என்று ரிப்போர்ட் போட்டேன். எச்.ஐ.வி. டெஸ்ட் கார்டைப் பிரிக்கவே இல்லை. ‘நெகட்டிவ்’ என்று போட்டேன். அம்மா தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

டாக்டர் டிபி மருந்தும் ஸ்டீராய்டும் ஆரம்பித்தார். பூஞ்சை இருக்கும் உடம்பில் அந்த ஸ்டீராய்டு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் தலைவலி குறைந்தது. பார்த்தாயா, டிபிதான் என்று நானே நம்பப் பார்த்தேன். ஐந்தாம் நாள் பட்டப்பகலில், “லைட்டப் போடு மலரு,” என்றார். நான் எழுந்து போய் சுவிட்சைப் போட்டேன்.

ஆறாம் நாள் டாக்டருக்குச் சந்தேகம் வந்து மறுபடி நீர் எடுத்தார். இந்தத் தடவை வளையங்களைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. கண் வைத்த இடமெல்லாம் இருந்தன. அப்போதும் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். பூஞ்சைக்கான ஆம்போடெரிசின் ஊசி போட்டிருப்பார்கள். எல்லோரும் பிழைப்பதில்லை, ஆனால் பிழைத்தவர்கள் உண்டு. ‘காணப்படவில்லை’ என்று இரண்டாம் முறையும் எழுதினேன். முதல் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும் அல்லவா.

பதினோராம் நாள் அப்பா இறந்தார்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க ராயப்பன் என்ற ஒருவர் வந்தார். யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

“சேத்தியாத்தோப்புல ஒரு ரைஸ்மில்லுங்க, பத்து வருசமாப் பூட்டிக் கெடந்துது. உள்ள புறா எச்சம் முழங்கா மட்டும். நானும் அண்ணனுந்தான் சொரண்டிக்கினு இருந்தோம். வூட்டுக்குக் கெளம்பறப்ப பம்ப்செட்டுல நின்னு வாசன சோப்பப் போட்டுத் தேய்ப்பாரு பாருங்க, தோலே உரிஞ்சிடும். ‘எம்பொண்ணு மோப்பம் புடிச்சிடும்டா, டெக்னீசியன் அது’ன்னு சிரிப்பாரு.”

அம்மா அழுதாள். “எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுசன்,” என்றாள். நான் ராயப்பனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். டாக்டர், அந்த ராயப்பனை வரவழைத்துப் பாருங்கள். இப்போதைக்குத் தலைவலி இல்லை என்றார்.

மறுநாள் லேபுக்குக் கிளம்பினேன். “காரியங்கூட முடியலியேடி,” என்றாள் அம்மா. கடைசியாக எடுத்த ரத்தத்தின் சீரம் ஃபிரிட்ஜில் இருந்தது, அப்பா பெயர் என் கையெழுத்தில். கார்டைப் பிரித்து, சொட்டு விட்டு, பதினைந்து நிமிடம் காத்திருந்தேன்.

ஒரே ஒரு கோடு. நெகட்டிவ். பொய் என்று நினைத்து நான் எழுதியது உண்மையாக இருந்தது.

அவரை நான்தான் கொன்றேன் என்பது வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அது தோன்றவில்லை. நல்லவேளை, மானம் போகவில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.