அப்பா கையில் ரிமோட்

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் வரும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மில் வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள். இருவர் தலையிலும் பஞ்சுத் துகள். ஜன்னலோரத்தில் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“வெட்டுக்குத்துப் படத்துக்கு முத்தம் குடுக்குற படமே தேவலைன்னு எங்கப்பா சொல்லிட்டாருடி.”

“உங்கப்பாவா? கொரியாப் படத்துல ரெண்டு பேரு கிட்டக்க வந்தாலே சேனலை மாத்திருவாருன்னு சொல்லுவ?”

“அது அப்ப. வெட்டு வந்தா மட்டும் மாத்த மாட்டாரு. சோத்துக்கு வெஞ்சனத்தத் தொட்டுக்கிட்டே எல்லாரும் பாப்போம். இப்பக் கத்தியக் காட்டுனாலே மாத்திருறாரு.”

“படத்துல வர்ற ரத்தம் கலர்த் தண்ணிதானடி.”

“அவருக்குந் தெரியும். ஆனா எங்கண்ணன், பிரியப்பட்ட பிள்ளையப் பைக்குல கூட்டிட்டு வந்ததுக்குத்தான அந்தப் பிள்ளையோட ஆளுக அவன வெட்டிக் கொன்னாங்க?”

மற்றவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து ஒரு கொரியாப் படம். அந்தப் பையன் அந்தப் பிள்ளைக்கு முத்தம் குடுத்தான். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். ரிமோட்டு அப்பா கையிலதான் இருந்துச்சு. மாத்தலை. ‘ரெண்டும் உசுரோட இருக்குதுகள்ல, இருந்துட்டுப் போகட்டும்’னாரு.”