டியூப்பில் ஊருக்குப் போன காற்று

செவ்வாய்ப்பேட்டையில், நிற்கவே இடமில்லாத எங்கள் பஸ்ஸில், ஊதிப் பெருத்த லாரி டியூப்போடு ஒருவர் ஏறினார்.

"காத்த எறக்கி மடிச்சு வெய்யிங்க," என்றார் கண்டக்டர்.

"காத்தத்தானுங்க ஊட்டுக்குக் கொண்டு போறேன். பேனாக்குழாய்ல பெயின்ட் ஊத்தி, இந்தக் காத்துல பீச்சித்தான் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக்குக் கலர் அடிக்கறேன். எல்லாம் வெரலளவு பொம்மைங்க. போன வாரம் கொண்டு போன காத்து சூசையப்பர் தாடியோட தீந்து போச்சு."

"உங்கூர்ல பஞ்சர் கடை இல்லீங்களா?"

"இருக்குதுங்க. அந்தக் கடைக்காரரும் மாதா கோயில் குடில் போட்டியில இருக்காரு. எனக்குக் காத்தடிக்க மாட்டேங்கறாரு."

கண்டக்டர் முன்பக்கம் இருந்த தன் சீட்டிலிருந்து பையை எடுத்தார்.

"முன்னாடி வந்து ஒக்காருங்க. பின்சீட்டுல ஆணி நீட்டிட்டு இருக்குது."