முதுகுப் பக்கத்து நூறு

லஸ் முனையில் டிராம் நின்றதும் இரண்டு டீச்சர்கள் ஏறி என் முன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இளையவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இன்னிக்கு இன்ஸ்பெக்டர் முன்னாடி நூத்திமூணை முந்நூத்தியொண்ணு ஆக்கிட்டேன், டீச்சர்."

"எப்படி?"

"மூணு பிள்ளைங்க கையில ஒண்ணு, பூஜ்யம், மூணுன்னு சிலேட்டைக் குடுத்து, வகுப்பைப் பார்த்து வரிசையா நிக்க வெச்சேன்."

"சரியாத்தானே இருக்கு?"

"நான் அவங்க முதுகுக்குப் பின்னால நின்னேனே! என் இடது பக்கம்தான் நூறுன்னு இதே எண்ணை வெச்சு ஒரு மாசமாப் பழக்கியிருக்கேன். எதிர்ல பெஞ்சில உட்கார்ந்து பார்த்தா அது வலது பக்கம், எல்லாம் தலைகீழ்."

"அந்த ஒரு மாசத்துல பெஞ்சில இருந்த பிள்ளைங்க ஒண்ணுகூடச் சொல்லலையா?"

இளையவரின் சிரிப்பு நின்றது.

"தினமும் முந்நூத்தியொண்ணுன்னுதான் சொல்லிச்சுங்க. நான்தான் தினமும் முட்டி போட வெச்சேன்."