சேர்மன் மீட்ட ஏரி

— ...மெதுவாப் படிங்கக்கா, சேர்மன் இங்கதான் பாக்கறாரு.

— ‘நீரையும் பறவையையும் காத்த நகராட்சி சேர்மன் அப்புசாமி அவர்கள், 1981.’ கல்லுல எழுத்து நல்லாத்தான் இருக்குது, பெரியநாயகி.

— ஏரிய மண்ணைக் கொட்டி மூடுனதும் அவருதானுங்களே. அதைக் கல்லுல எந்தப் பக்கம் வெட்டியிருக்காங்களாம்?

— சும்மா இரு அம்மணி. மாலை போடறாங்க, கை தட்டு.

— தட்டறனுங்க... ஏரிய மூடி, அதுமேல கல்யாண மண்டபம் கட்டி, போறதுக்கு எடமில்லாம மழத்தண்ணி நம்ம தெருவுக்கு வந்தப்ப, நீங்கதானே வசந்தாமணியக்கா மொதல்ல போய்க் கேட்டீங்க?

— கேட்டேன். சாக்கடையெல்லாம் ஊட்டுக்குள்ள வருதுங்க, தறிக்குழி நெறஞ்சு பாவு நூலே அழுகிப்போச்சுங்கன்னு அழுதேன். மழை சாமி குடுக்கறது, நான் என்ன பண்ணட்டும்னாரு.

— எங்கிட்ட, தறியத் தூக்கி மேல வெச்சுக்கன்னாரு.

— தரையில பதிச்ச குழித்தறியவா?

— குழித்தறியத்தானுங்க.

— ம்... அப்பறம் ஐப்பசில மண்டபத் தெறப்பு விழா. விடியும்போதே மழை புடிச்சுது.

— அன்னிக்குப் பாருங்க, நம்ம தெருவுல சொட்டுத் தண்ணி ஏறல. நேரா மண்டபத்துக்குள்ள போயிருச்சு. பந்தியில ஒக்காந்த ஒரம்பரைச் சனமெல்லாம் எலையத் தூக்கிட்டு எந்திரிச்சாங்களாம்.

— சேர்மன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நாக்காலி மேல ஏறி நின்னாராம். அங்க நின்னுக்கிட்டுத்தான், இந்தத் தண்ணிக்கு ஏரிதான் வேணும்னு கண்டுபுடிச்சாராம்.

— நாம ரெண்டு வருசமாச் சொன்னது, நாக்காலி மேல நின்னாத்தான் காதுல ஏறுமாட்ட இருக்குது.

— ஆனா செஞ்சுட்டாரு அம்மணி, அதைச் சொல்லோணும். மண்டபம் போக மிச்சத்தையெல்லாம் தோண்டி, மேட்டூர்லிருந்து இஞ்சினீரக் கூட்டியாந்து, சாக்கடை வந்து உழுகற மூலையில சம்பம்புல்லும் கோரையும் நட்டு...

— ஆமாங்க. உள்ள வாரப்பக் கருப்பா வாருது, கோரையத் தாண்டறப்ப கசடெல்லாம் அங்கயே நின்னு தெளிஞ்சிருது. தண்ணிக்கோழி குஞ்சு பொரிச்சிருக்குது.

— அதைப் பாக்கறதுக்கே காலையில வாராராம். கல்லெறிஞ்சா அடிக்கப் போறாராம்.

— ஆனா அன்னிக்குத் தண்ணி எப்படித் திரும்புச்சுன்னுதான் இன்னும் அவருக்கு வெளங்கலையாம்.

— சாமி திருப்பிவிட்டுதுன்னு சொல்லிக்கிட்டிருக்காரு. சொல்லட்டும்.

— ...அக்கா. அன்னிக்குத் தெரு முக்குல மணல் மூட்டை கெடந்துச்சுங்களே?

— எந்த மூட்டை?

— உங்க ஊட்டுத் தவுட்டுச் சாக்குங்க.

— ...சரி. நாந்தான் அடுக்குனேன். தண்ணி நம்ம தெருவுக்குத் திரும்பாம இருக்கட்டும்னு. எங்கயும் சொல்லிப்போடாத.

— நான் எங்க சொல்றது? நீங்க அடுக்குனது மொதத் தண்ணியிலயே சரிஞ்சுபோச்சுங்க. பந்தி கலையற வரைக்கும் தறிப்பலகைய முட்டுக் குடுத்து, முதுகச் சாச்சு ஒக்காந்திருந்தது நானுங்க.